அக்னாஸ்டிக் என்றால் பாதி நாத்திகரா?

"உண்டுன்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன், நான் நடுவுல" என்று தன்னை அக்னாஸ்டிக் (கடவுள் உண்டா இல்லையா என்று தெரியாது, அல்லது அறிய முடியாது என்பவர்) ஆகச் சொல்லிக்கொள்பவரிடம், எதற்கும் எதற்கும் நடுவில் என்று கேட்டுப் பாருங்கள். இங்கே கேள்வி இரண்டு. கடவுள் இருப்பதாக நம்புகிறீர்களா? அதை அறிய முடியுமா? முதலாவதற்கு 'தெரியாது' பதிலாகாது. அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர், கடவுளுக்கான நிரூபணம் எதுவும் தேறாது என்று ஒப்புக்கொண்டே கடவுளை நம்பியவர். அவரை எந்த நடுவில் வைப்பது?

அக்னாஸ்டிக் என்ற பெயரை 1869-ல் உருவாக்கிய ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, பின்னாளில் அதை ஒரு மதக்கொள்கையாக அல்ல, ஒரு முறையாகவே விளக்கினார்: நிரூபிக்கப்படாததை, நிரூபிக்க முடியாததை, உறுதி என்று சாதிக்காதே. இந்த விதி பாதிரியாரையும் கட்டும், நாத்திகரையும் கட்டும். திருச்சபையாரோடு பல்லாண்டு மல்லுக்கு நின்ற ஹக்ஸ்லியை மதில்மேல் பூனை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

பெரிய தவறு இதற்கு அடுத்த படியில்தான் நடக்கிறது. 'இல்லை என்று நிரூபிக்க முடியாது' என்பதிலிருந்து 'அப்போ ஐம்பதுக்கு ஐம்பது' என்று தாவிவிடுகிறார்கள். பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1947-ல் இதை நேராகவே எடுத்துக்கொண்டார். தத்துவம் அறிந்தவர்களிடம் தன்னை அக்னாஸ்டிக் என்றும், சாதாரண மனிதரிடம் நாத்திகர் என்றும் சொல்லிக்கொள்வதே சரி என்றார். பண்டைய கிரேக்கர்களின் கடவுள்களான சியூஸ், பொசைடன் இல்லை என்று கறாராக நிரூபிக்க அவராலும் முடியாது. அதற்காக அவர்கள் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று யாரும் கணக்குப் போடுவதில்லையே.

பிரிட்டிஷ் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 2006-ல் 1 முதல் 7 வரை ஓர் அளவுகோல் போட்டார். 1 என்றால் முழு நம்பிக்கை, 7 என்றால் முழு மறுப்பு, 4 சரிபாதி. தன்னை 6-ல் வைத்துக்கொண்டார். எவ்வளவு உறுதி என்று அளக்க இது உதவும். ஆனால் 'இதை எந்தக் காலத்திலும் அறியவே முடியாது' என்பவருக்கு இதில் இடமில்லை. 4-ல் உட்கார வைத்தால், அவர் சொல்லாத ஒரு நிகழ்தகவை அவர் வாயில் திணிக்கிறோம்.

என்னைக் கேட்டால் இத்தனைக்கும் முன்பே ஒன்றைக் கேட்க வேண்டும்: எந்தக் கடவுள்? பெரியாரின் 'கடவுள் இல்லை' வெறும் தத்துவ வாக்கியம் அல்ல. கோயிலும் சாதியும் சாஸ்திரமும் கூடவே வரும் கடவுள் அவர் எதிரே இருந்தது. பிரார்த்தனை கேட்பார், வரம் தருவார், தண்டிப்பார் என்று குணம் சொல்லப்பட்ட கடவுளைச் சோதித்துப் பார்த்து மறுக்க வழி இருக்கிறது. 'ஏதோ ஒரு சக்தி' என்று மட்டும் சொன்னால் மறுக்கவும் பிடி கிடைக்காது, நம்பவும் பிடி கிடைக்காது. ஆக, ஒரே ஆள் முந்தையதில் பச்சை நாத்திகராகவும், பிந்தையதில் அக்னாஸ்டிக்காகவும் இருக்கலாம். அதில் முரண் எதுவும் இல்லை.