ஒற்றெழுத்தை விட்டு எண்ணுங்கள்

கணக்கு வகுப்பில் பிள்ளைகளைக் கவிதை எழுத வைக்கலாம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. யோசனை நல்லதுதான். ஆனால் 'வட்டத்தைப் பற்றி எழுது' என்று விட்டுவிட்டால் வட்டத்துக்குப் பாராட்டுப் பா வரும், கணக்கு வராது. எண்ணிக்கையைக் கவிதையின் வடிவத்திலேயே வையுங்கள். முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் வரும் ஃபிபனாச்சி வரிசை இதற்குத் தோது: வரிக்கு 1, 1, 2, 3, 5, 8 எழுத்து. வேலூர்ப் பிள்ளைகள் பொருள் தேடி அலைய வேண்டாம், பாலாறு இருக்கிறது.

நீர்
ஏன்
இல்லை
பாலாறே?
மணல் மட்டும்தான்.
மழை வந்தால் மீண்டும் பேசு.

சறுக்கும் இடம் மெய்யெழுத்து. 'இல்லை' ஒரு பெஞ்சுக்கு மூன்று, அடுத்த பெஞ்சுக்கு இரண்டு. புள்ளி வைத்ததை எண்ணக் கூடாது என்று முதலிலேயே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். கட்டளைக் கலித்துறை என்ற பாவகைக்கு எழுத்தெண்ணுவதும் அப்படித்தான்.

பிறகு மொத்தத்தைக் கூட்டச் சொல்லுங்கள்: 20. பதின்மூன்று எழுத்தில் ஏழாவது வரி சேர்த்தால் 33. வரிசையில் 8-க்குப் பிறகு வருபவை 13, 21, 34. மொத்தம் 20, 21-ஐ விட ஒன்று குறைவு; 33, 34-ஐ விட ஒன்று குறைவு. எப்போதும் ஒன்று குறைவது ஏன்? ஒவ்வோர் எண்ணையும் அடுத்த இரண்டின் வித்தியாசமாக (8 = 21 − 13) எழுதிக் கூட்டினால் நடுவில் உள்ளவை அடிபட்டுப் போகும், முதல் வித்தியாசத்தின் (1 = 2 − 1) 1 மட்டும் கழியாமல் நிற்கும். பாடம் இதுதான், கவிதை இதற்கான வாசல்.

பதினோராம் வகுப்புக்கு யாப்பே (செய்யுள் இலக்கணமே) போதும். நேர், நிரை என்று அசை இரண்டு. அசைகள் சேர்ந்தால் சீர். ஒவ்வோர் அசைக்கும் இரண்டு வாய்ப்பு, ஆகவே ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16. அசை பிரிக்கத் தமிழாசிரியரை அழைத்துக்கொள்ளுங்கள், கணக்கு ஆசிரியர்கள் பெரும்பாலும் அங்கேதான் திணறுவார்கள்.

கவிதை நயத்துக்கு மதிப்பெண் போடவே போடாதீர்கள். போட்டால் கணக்குக்குப் பயந்த பிள்ளை இதற்கும் பயப்படும்.