தன் எடையை மறந்த கட்டடம்

சிங்கப்பூரின் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் படங்கள் மறுபடியும் என் சமூக ஊடகப் பக்கத்தில் சுற்றுகின்றன. படிக்கட்டு மாதிரி பின்வாங்கி ஏறும் அந்த முகப்பு, பஸ் டிக்கெட் கடைகள், தாய்லாந்துச் சாப்பாடு. 1973-இல் கட்டியதை 2021-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். குதிரை லாடம்போல வளைந்து நின்ற 38 மாடி பேர்ல் பேங்க் அடுக்குமாடிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1976-இல் எழுந்தது, 2018-இல் கைமாறியது, அப்புறம் இடித்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? இந்த ஊர்க் கட்டடங்களைப் பற்றி யார் எழுதினாலும் வில்லியம் லிம், டே கெங் சூன், டான் செங் சியோங், ஐ.எம். பெய், மோஷே சாஃப்டி என்று வடிவம் வரைந்தவர்களின் பெயர்தான் வரும். அது விழாமல் நிற்பதற்குக் கணக்குப் போட்டவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. இருபத்தைந்து வருடமாகக் கான்கிரீட்டுக்குள் போகும் கம்பிகளுக்கு வரைபடம் போட்டுப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன்: சிங்கப்பூர்க் கட்டடக்கலை வரலாற்றில் முதலில் குறித்துவைக்க வேண்டிய முகவரி மரினா பேயில் இல்லை. சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சந்திக்கிற மூலையில் இருக்கிறது.

1986 மார்ச் 15, சனிக்கிழமை. அம்மா வழக்கம்போலப் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தார். முற்பகல் பதினொன்றரை மணி வாக்கில், கோயிலிலிருந்து சில நிமிட நடைதூரத்தில், ஹோட்டல் நியூ வோர்ல்ட் இயங்கிவந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. கீழே வங்கி, அதன்மேல் இரவு விடுதி, அதற்கும் மேல் ஹோட்டல் அறைகள். அம்மா வீடு வந்து சேரும்வரை அப்பா வாசலிலேயே நின்றது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பதினொரு வயது.

33 பேர் இறந்தார்கள். 17 பேரை உயிரோடு மீட்டார்கள். அந்த நேரத்தில் ஊரில் எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டுச் சுரங்க நிபுணர்கள் இடிபாட்டுக்கு அடியில் சின்னச் சின்னச் சுரங்கம் வெட்டி உள்ளே போனார்கள். முதல் நாள் எங்கள் புளோக்கில் எல்லோரும் சொன்னது வெடிகுண்டு, இல்லையென்றால் கேஸ் வெடித்திருக்கும் என்று. விசாரணையில் தெரியவந்தது அதைவிடக் கொடுமை. 1971-இல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்துக்குக் கணக்குப் போட்டபோது, உள்ளே வரும் ஆட்களின் எடை, சாமான்களின் எடை எல்லாம் சேர்ந்திருந்தன. கட்டடத்தின் சொந்த எடை சேரவில்லை.

எங்கள் தொழிலில் கட்டடத்தின் சொந்த எடையை டெட் லோட் என்போம், ஆட்கள், சாமான்களின் எடையை லைவ் லோட் என்போம். சாதாரண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்கள், சோபா, அலமாரி எல்லாவற்றுக்குமாக ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ என்று வைத்து வடிவமைப்பது வழக்கம். அதே ஒரு சதுர மீட்டரில், 15 சென்டிமீட்டர் தடிமனுள்ள வெறும் கான்கிரீட் தளம் மட்டுமே 360 கிலோ இருக்கும். டைல்ஸ், சுவர், பீம், தூண் எல்லாம் தனி. அதாவது ஒரு கான்கிரீட் கட்டடம் பெரும்பாலும் தன்னைத்தானே சுமந்துகொண்டு நிற்கிறது. நாம் அதன்மேல் ஏற்றுவது கொசுறு. அந்தப் பெரிய பங்கை விட்டுவிட்டு, கொசுறுக்கு மட்டும் தூண் போட்டிருக்கிறார்கள்!

அப்படியானால் 15 வருடம் எப்படி நின்றது? எல்லோரும் கேட்பது இதைத்தான். ஒவ்வொரு கணக்கிலும் தேவைக்கு மேல் கொஞ்சம் பலம் வைப்போம். அந்தச் சேமிப்பைத் தின்றுகொண்டே நின்றது. ஒரு தூண் விட்டுக்கொடுத்ததும் அதன் பாரம் பக்கத்துத் தூணுக்குப் போகும். அதுவும் ஏற்கெனவே மூச்சுமுட்டி நிற்கிற தூண்.

அதே 1986-இல்தான் ஐ.எம். பெய் வடிவமைத்த ராஃபிள்ஸ் சிட்டி திறந்தது. அதிலிருந்த 73 மாடி ஹோட்டல் அப்போது உலகிலேயே உயரமானது. அதே ஆண்டில்தான், ஒரு செங்கல்லுக்கு ஒரு வெள்ளி (டாலர்) என்று மக்கள் கொடுத்த பணமும் சேர்ந்து 1963-இல் எழுந்த தேசிய நாடக அரங்கை இடித்தார்கள். நெடுஞ்சாலைத் திட்டம் ஒரு காரணம், முன்னால் நீண்டிருந்த கூரை பத்திரமில்லை என்றது இன்னொரு காரணம். 226 மீட்டர் உயரத்துக்கு ஹோட்டல் கட்டத் தெரிந்த ஊரில் ஆறு மாடி ஹோட்டல் விழுந்தது. ஆகவே அறிவுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் உட்கார்ந்து சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான்.

1989-இல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த ஓட்டையைத்தான் அடைத்தது. வடிவமைத்த பொறியாளரோடு தொடர்பில்லாத இன்னொரு பொறியாளர் கணக்கைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். எழுதினவன் கண்ணுக்குத் தன் எழுத்துப்பிழை தெரியாது, கதை அதேதான். கட்டி முடித்த பிறகும் விடுவதில்லை: குடியிருப்பு என்றால் 10 ஆண்டுக்கு ஒரு முறை, மற்றவை என்றால் 5 ஆண்டுக்கு ஒரு முறை கட்டமைப்புச் சோதனை. மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலின் 57 மாடிக் கோபுரங்கள் மூன்றின் தலையிலும் கப்பல் மாதிரி ஒன்றை ஏற்றி, ஒரு பக்கம் 65 மீட்டருக்கு மேல் அந்தரத்தில் நீட்டிவிட்டிருக்கிறார்களே, அதன் கீழே நாம் பயமில்லாமல் கோப்பி குடிப்பதற்குப் பின்னால் ஓவன் ரோட்டு மூலையும் இருக்கிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் எங்கள் அடுக்குமாடியின் ஆண்டுக் கூட்டம். பத்தாண்டுச் சோதனைக்கு நோட்டீஸ் வந்திருந்தது. எந்தப் பொறியாளரை அமர்த்துவது என்ற பேச்சு இரண்டே நிமிடத்தில் முடிந்தது: எவர் மலிவோ அவர். லாபியில் புதுச் செடி வைப்பதற்கு நாற்பது நிமிடம் வாதாடினோம். கூட்டம் முடிந்து லிஃப்டில் ஏறும்போது எட்டாம் மாடி மாமா என் தோளைத் தட்டி, "தம்பி, முப்பது வருசமா நிக்குது. இப்ப விழுந்துடப் போகுதாக்கும்? அந்தக் காலத்துக் கட்டடம்பா" என்றார்.

இந்த 'அந்தக் காலத்துக் கட்டடம்' வாதம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஹோட்டல் நியூ வோர்ல்டும் அந்தக் காலத்துக் கட்டடம்தான். முந்தின நாள்வரை அதுவும் நின்றது. இன்று சைட்டில் வெயிலில் குனிந்து கம்பி கட்டுகிற நம் தம்பிகள் எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும், காகிதத்தில் விட்டுப்போன எடையை அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. தூணில் விரிசல் கண்டால் அது பூச்சில் வந்ததா உள்ளிருந்து வந்ததா என்று பார்த்துச் சொல்லும் ஆளுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அதில் போய்ப் பேரம் பேசுகிறோம்.

மாமாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. லிஃப்டில் எட்டு மாடிதானே நேரம். மகன் பெரிய மீன் தொட்டி வாங்கியபோது தளம் தாங்காது என்று திருப்பி அனுப்பியவர் அவர். "மாமா, உங்கள் ஹால் இருபது சதுர மீட்டர் இருக்குமா? தரை மட்டும் ஏழு டன்" என்றேன். கதவு திறந்த பிறகும் இறங்காமல் நின்றார். "நம்ம ஹாலா?" என்றார். பிறகு குனிந்து கீழே பார்த்தார்.