நடு ஆற்றில் சொல்லும் விலை

ஒகேனக்கல்லில் பரிசலுக்கு எவ்வளவு ஆகும் என்று வெளியூர் நண்பர்கள் கேட்டால், தருமபுரியில் பிறந்து வளர்ந்த எனக்கே பதில் சொல்லத் தெரியவில்லை. மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்த கட்டணம் இருக்கிறது. கவுண்டர் இருக்கிறது, டிக்கெட் கொடுக்கிறார்கள். ஆனால் நிஜமான விலை பரிசல் நடு ஆற்றுக்குப் போன பிறகுதான் தெரிகிறது.

போன மாதம் தஞ்சாவூரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. டிக்கெட் வாங்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டி, முறையாகத்தான் ஏறினோம். இரண்டு பக்கமும் பாறை உயர்ந்து நிற்கும் இடத்துக்கு வந்ததும் துடுப்பு நின்றுவிட்டது. "அண்ணா, டிக்கெட்டு இதுவரைக்கும்தான். அருவிகிட்ட போய்ச் சுத்திக் காட்டணும்னா தனியாப் பார்த்துக் குடுத்துடுங்க." கேட்ட தொகை, டிக்கெட்டுக்குக் கொடுத்ததைவிட அதிகம். கவுண்டரிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். பதில் இல்லை. பரிசல் அதே இடத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சித்திக்கு நீச்சல் தெரியாது, மடியில் பேரப்பிள்ளை வேறு. "குடுத்துடுப்பா, கரை சேர்ந்தா போதும்" என்றார். கொடுத்தேன். எங்கள் ஊருக்கு ஆசையாக வந்த மனுஷி பயந்துபோய் அப்படிச் சொன்னது இன்னும் என் வயிற்றை எரிக்கிறது.

அதிகமாகக் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். விலையை எப்போது சொல்கிறார்கள் என்று பாருங்கள். இனி வேண்டாம் என்று சொல்ல முடியாத நேரத்தில்தான் சொல்கிறார்கள். எண்ணெய் மசாஜுக்கு உட்காரும்போது ஒரு தொகை. உடம்பு முழுக்க எண்ணெய் வழியும்போது, அது மசாஜ் கூலி மட்டும்தான், எண்ணெய்க்குத் தனி என்பார்கள். எண்ணெயோடு எழுந்து எங்கே ஓடுவது? மீன் வாங்கும்போது கிலோ விலை மட்டும் சொல்வார்கள். மீனை அறுத்துக் கழுவி மசாலா தடவிய பிறகு சுத்தம் செய்யக் கூலி, மசாலா, எண்ணெய், விறகு என்று ஒவ்வொன்றாக வரும். வாங்கிய எடையும் சமைத்து வந்த துண்டுகளும் ஒத்துப்போகவில்லையே என்று கேட்டால், பொரிச்சா சுருங்கும் சார் என்கிறார்கள். இத்தனைக்கும் அங்கே மீன் சமைத்துக் கொடுக்கும் அக்காக்களின் கைமணத்துக்காகவே திரும்பத் திரும்பப் போகிறவன் நான். முதலிலேயே மொத்தத் தொகையைச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்காதவர்களும் அங்கே இருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் செய்யும் வேலைக்கு அவர்களும் சேர்ந்து கெட்ட பெயர் வாங்குகிறார்கள்.

பரிசல்காரர்களின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்து ஆற்று நீர் தமிழ்நாட்டுக்குள் நுழையும்போது அளக்கப்படும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் பரிசல் ஓட்டத் தடை போட்டுவிடுவார்கள். தடை நீடித்தால் அத்தனை நாளும் வருமானம் கிடையாது. உயிரைப் பணயம் வைக்கும் வேலையும்கூட. கட்டணம் போதவில்லை என்றால் ஏற்றிக் கேளுங்கள், நியாயமான தொகையை நிர்வாகம் அறிவிக்கட்டும், நானே உங்கள் பக்கம் நின்று பேசுகிறேன். ஆனால் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவர்களை ஆற்றின் நடுவில் நிறுத்திவிட்டுப் பேரம் பேசுவதற்குப் பெயர் கூலி கேட்பது இல்லை.

லாட்ஜ் கதை தனி. போனில் ஒரு வாடகை, கவுண்டரில் ஒரு வாடகை. கேட்டால் சனி ஞாயிறு ரேட் என்பார்கள். காலி செய்யும்போது எக்ஸ்ட்ரா பெட், சுடுதண்ணீர், அதற்கு மேல் ஜிஎஸ்டி. சரி, வரி என்றால் கட்டத்தான் வேண்டும், ஜிஎஸ்டி எண் போட்ட பில் கொடுங்கள் என்றேன். லாட்ஜ்காரர் துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதி நீட்டினார். ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவர் வாடிக்கையாளரிடம் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. பதிவு செய்தவர் என்றால் பில்லில் எண் இருக்க வேண்டும். இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்தத் துண்டுச் சீட்டுக்கு மதிப்பு கிடையாது. வண்டி நுழைவுக்கு ஒரு ரசீது, நிறுத்துவதற்கு இன்னொரு ரசீது, அதையும் சொல்லி வைக்கிறேன்.

அப்புறம் தண்ணீர் பாட்டில். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கலந்து பல்லும் எலும்பும் பாழான மாவட்டம் இது. அதனால்தான் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் சேர்த்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் தொடங்கி வைத்தார்கள். இரண்டு மாவட்டத்துக்கும் தண்ணீர் கொடுக்கும் அதே கரையில், அச்சடித்த விலைக்கு மேல் பத்து ரூபாய் கூலிங் சார்ஜ் கேட்கிறார்கள். உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டல் என்றால் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. பெட்டிக்கடைக்கு அது பொருந்தாது. எம்ஆர்பிக்கு மேல் கடைக்காரர் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டப்படி குற்றம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லலாம். பில், கடையின் போட்டோ எல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெங்களூரிலிருந்து காலையில் வந்து சாயங்காலம் திரும்புகிற குடும்பம் பத்து ரூபாய்க்காகப் புகார் கொடுக்குமா? கொடுக்காது என்று கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே சாமானியனின் தலையில் பொறுப்பைக் கட்டாதீர்கள். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் அரசே விழா எடுக்கிறது, மேடை போடுகிறது, அமைச்சர் வருகிறார், அதிகாரிகள் வருகிறார்கள். அத்தனை பேர் வரும் இடத்தில் ஒவ்வொரு பரிசல் துறையிலும் தமிழ், கன்னடம், ஆங்கிலத்தில் ஒரு போர்டு வைக்க முடியாதா? எங்கிருந்து எங்கே வரை, எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு என்று எழுதுங்கள். பரிசலுக்கு எண் கொடுத்து, அந்த எண்ணை டிக்கெட்டில் அச்சடியுங்கள். கரை இறங்கியதும் புகார் வாங்க அங்கேயே ஓர் ஆளை உட்கார வையுங்கள். அடுத்த ஆடிக்கூட்டம் வருவதற்குள் இதைச் செய்யுங்கள்.