“அனோடு ராடைப் பாக்கவே இல்லையா மேடம்?”

அனோடு ராடு. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே போன வெள்ளிக்கிழமை காலையில்தான் எனக்குத் தெரியும். அதுவும் எப்படி? பேஸ்மென்டில் கணுக்கால் அளவு தண்ணீரில், ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் துடைப்பம் என்று நான் நிற்கிறேன். பிளம்பர் வாட்டர் ஹீட்டர் மேல் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ரொம்ப நிதானமாகக் கேட்கிறார்: “பதினோரு வருஷமா அனோடு ராடைப் பாக்கவே இல்லையா மேடம்?”

பார்க்கவில்லை சார். யாராவது சொல்லியிருந்தால்தானே பார்ப்பதற்கு?

காலை ஆறு மணிக்குக் குளிக்கப் போன என் வீட்டுக்காரர், “என்ன இது, பச்சைத் தண்ணியா வருது?” என்று உள்ளேயிருந்து கத்தினார். பிரேக்கர் விழுந்திருக்கும், ஹீட்டரை ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று தூக்கக் கலக்கத்தில் இறங்கினேன். கடைசிப் படிக்குக் கீழே தரை இல்லை. சில்லென்று தண்ணீர். பையனின் செருப்பு ஒன்று மிதந்து வந்து காலில் இடித்தது. கரண்ட் ஞாபகம் அதற்கப்புறம்தான் வந்தது. கீழே பிளக் பாயின்ட் எதுவும் முழுகவில்லை என்பதால் இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன். திரும்ப மேலே ஓடி மெயினை அணைத்துவிட்டு, டார்ச்சோடு மறுபடி இறங்கினேன்.

சரி, தண்ணீரை நிறுத்தலாம் என்று ஹீட்டர் தலைமேல் இருக்கும் வால்வைத் திருகினால், அசையவே இல்லை. துண்டைச் சுற்றித் திருகினேன். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். கைப்பிடி மட்டும் கழன்று என் கையோடு வந்தது. பழைய சக்கர வால்வுகள் எல்லாமே இந்தக் கதிதானாம்; வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் உப்பும் துருவும் ஏறி இறுகிவிடுமாம். நெருக்கடியில் ஒரே ஒரு தடவை உதவ வேண்டிய சாமான், அந்த ஒரு தடவையும் கைவிரித்துவிட்டது. இவர் தலையில் சோப்பு நுரையோடு ஓடிப்போய் மீட்டர் பக்கத்து வால்வை மூடினார். அது மூடியது, புண்ணியம்.

இதில் என்னை ரொம்ப எரிச்சல்படுத்துவது என்ன தெரியுமா? ஹீட்டர் உடைந்தால் அதில் இருக்கும் தண்ணீர் கொட்டும், அவ்வளவுதானே என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது 180 லிட்டர் தொட்டி. ஆனால் தொட்டிக்குப் பின்னால் ஊர்க்குழாய் இருக்கிறதே! அடியில் ஓட்டை விழுந்ததும் உள்ளே இருந்தது வெளியே வரும், வந்த அளவுக்கு மேலிருந்து புதுத் தண்ணீர் இறங்கும். யாராவது மூடும்வரை கொட்டிக்கொண்டேதான் இருக்கும். எங்கள் பேஸ்மென்ட் 40 சதுர மீட்டர், தண்ணீர் நின்றது 7 சென்டிமீட்டர். 2,800 லிட்டர்! தொட்டியைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். தரையில் வடிகால் இருந்ததே என்று கேட்காதீர்கள். இருந்தது. அதன்மேல் பழைய துணி மூட்டையை வைத்திருந்தது நான்தான், அந்தப் பழி என்னுடையது.

அந்த ராடு விஷயத்துக்கு வருகிறேன். தொட்டி எஃகு. துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சில் எங்கேயாவது மயிரிழை விரிசல் இருக்கத்தான் செய்யும். அதனால் மெக்னீசியத்திலோ அலுமினியத்திலோ ஒரு கம்பியை மேலிருந்து உள்ளே இறக்கியிருப்பார்கள். அதுதான் அனோடு ராடு. தொட்டிக்கு வர வேண்டிய அரிப்பை அது தன்மேல் வாங்கிக்கொண்டு கரையும். அது கரைந்து முடிந்த நாளிலிருந்து தொட்டிக்குக் காவல் இல்லை. பிளம்பர் கழற்றிக் காட்டினார். கட்டைவிரல் பருமனில் உள்ளே போனதாம். வெளியே வந்தது சைக்கிள் ஸ்போக் மாதிரி ஒரு கம்பி, அங்கங்கே சுண்ணாம்புத் திட்டு.

இதைச் சோதிக்கச் சொல்லி எங்கேயாவது எழுதியிருக்கிறதா? எழுதியிருக்கிறது! கையேட்டில், 31ஆம் பக்கத்தில், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லி. கையேடு எங்கே இருந்தது? ஹீட்டரின் முதுகில், சுவரைப் பார்த்தபடி, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள். ஹீட்டரை அப்புறப்படுத்திய பிறகுதான் கிடைத்தது. ஈரத்தில் ஒட்டியிருந்த பக்கங்களை ஹேர் டிரையர் வைத்துப் பிரித்துப் படித்தேன். துணி துவைத்து முடித்ததற்கே வாஷிங் மெஷின் பாட்டுப் பாடுகிறது. காரில் சீட் பெல்ட் போடாவிட்டால் கத்துகிறது. வீட்டையே மூழ்கடிக்கும் இந்த உருளைக்கு ஒரு சின்ன விளக்கு வைக்க மனசு வரவில்லையே!

அப்புறம் காப்பீட்டுக்காரர். “திடீர்னு உடைஞ்சுதா, நாள்பட்டுக் கசிஞ்சுதா?” திடீரென்றால் பணம் உண்டு, நாள்பட்டதென்றால் கிடையாது. துரு வருடக்கணக்காக அரிக்கிறது, ஓட்டை ஒரு ராத்திரியில் விழுகிறது. இதற்கு என்ன பதில் சொல்ல? “ஹீட்டர் அடியில துருத் தடம் இருந்தா போட்டோ அனுப்புங்க” என்கிறார். எனக்கு எதிரான சாட்சியை நானே படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். அனுப்பினேன். ‘பரிசீலனையில்’ இருக்கிறது.

இதற்கிடையில் கம்பளத்தைக் கிழித்து எடுத்தாயிற்று. நின்ற தண்ணீர் 7 சென்டிமீட்டர்தான், ஆனால் ஜிப்சம் பலகைச் சுவர் அதை உறிஞ்சி முழங்கால் உயரத்துக்கு ஏற்றிவிட்டது. ஒன்றிரண்டு நாளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும் என்று அதையும் அறுத்தாயிற்று. அட்டைப்பெட்டிகளில் இருந்தவற்றைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்த்தேன். ஒன்று மட்டும். என் அம்மாவின் கல்யாண ஆல்பம். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது அம்மாவின் முகம் அடுத்த படத்தின் முதுகோடு போய்விட்டது.

நேற்று புது ஹீட்டர் வந்தது. அடியில் தட்டு, தட்டிலிருந்து வடிகாலுக்குக் குழாய், ஈரம் பட்டால் அலறும் கருவி, கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினாலே மூடும் நெம்பு வால்வு என்று எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு வாங்கினேன். எல்லாம் முடிந்து பிளம்பர் கிளம்பும்போது, “சார், இதோட அனோடு ராடை எப்பப் பாக்கணும்?” என்றேன்.

அதே மனுஷன், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொல்கிறார்: “அதெல்லாம் பத்து வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது மேடம், கவலைப்படாதீங்க.”