169.254 என்று ஒன்பது நாள் கத்தினேன்

கணினிக்கு நெட் வரவில்லை என்று ஃபைபர் கம்பெனியிடம் கொடுத்த புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாம். இன்று காலை ஏழு மணிக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?" பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். யார் தீர்த்தது? எப்போது தீர்த்தது? நேற்று முழுக்க எங்கள் வீட்டுப் படியை ஒருவரும் மிதிக்கவில்லை. ஒரு போன்கூட வரவில்லை. இப்போதுதான் நெட் பெட்டியை, அதுதான் மோடத்தை, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். 14-ஆம் தேதி வைத்துவிட்டுப் போன நிலையில் அப்படியே இருக்கிறது.

13-ஆம் தேதி சாயங்காலம் விழுந்த இடி உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். குமரி மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம், இரண்டிலும் வீட்டுச் சாமான்கள் சாகும். என் பழைய பெட்டி அன்று செத்தது. அதைப் பற்றி எனக்கு யார் மேலும் வருத்தம் இல்லை, இடிக்கு யாரும் பொறுப்பில்லை. மறுநாளே புதுப் பெட்டியோடு ஒரு பையன் வந்தான், பத்து நிமிடத்தில் மாட்டினான், என் போனில் வைஃபை வந்ததைக் காட்டினான், ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகுதான் மேசைக் கணினியைப் போட்டேன். நெட் இல்லை. கீழே மூலையில் மஞ்சள் முக்கோணம்.

கறுப்புத் திரையைத் திறந்து, கணினியின் நெட் முகவரியை (ஐபி) காட்டும் ஐபி கான்ஃபிக் கட்டளையை அடித்தேன். 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரி வந்தது. இந்த எண்ணைப் பார்த்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். கணினிக்கு யாருமே முகவரி கொடுக்கவில்லை என்பதற்கான அடையாளம் அது. கேட்டுக் கேட்டுப் பார்த்து, பதில் வராமல், தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வெளியே எங்கும் போக முடியாது. கேபிள் கழன்றிருந்தால் இந்த எண் வராது, வயர் மாட்டவில்லை என்றே சொல்லிவிடும். ஆக, கேட்கும் பக்கம் உயிரோடு இருக்கிறது, கொடுக்கிற பக்கம் வாய் திறக்கவில்லை. எண் இவ்வளவு தெளிவாகச் சொல்கிறது. இதைத்தான் ஒன்பது நாளாகச் சொன்னேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர், காது கொடுத்துக் கேட்கவில்லை.

மூன்றாவது போன் அழைப்பை மட்டும் சொல்கிறேன். 41 நிமிடம். பெயர் கேட்டார்கள். சொன்னேன். போன் நம்பர். அந்த நம்பரில் இருந்துதான் பேசுகிறேன், இருந்தாலும் சொன்னேன். வாடிக்கையாளர் எண். சொன்னேன். வீட்டுக்குப் பக்கத்தில் என்ன அடையாளம்? திருவட்டாறு, ரேஷன் கடைக்குப் பின்னால் என்றேன். போனில் நடக்கும் வேலைக்கு ரேஷன் கடை எதற்கு? சரி, சொன்னேன்.

"மோடத்துல என்ன லைட் எரியுது சார்?"

"பான் பச்சை. லாஸ் எரியல."

"அப்ப நெட் வருது சார்."

"வரலம்மா. கம்ப்யூட்டருக்கு ஐபி கிடைக்கல. 169.254 காட்டுது."

"லைட் பச்சையா இருக்கே சார்."

அந்தப் பச்சை விளக்குக்கு என்ன அர்த்தம்? தெருக் கம்பத்தில் இருந்து வரும் ஃபைபர் வழியாகப் பெட்டி கம்பெனியோடு சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். லாஸ் விளக்கு ஒளி வராவிட்டால்தான் எரியும். வீட்டுக்குள் பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று அந்த விளக்குக்குத் தெரியாது. சொன்னேன். "ஓகே சார், மோடத்தை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார். பண்ணினேன். ஐந்து நிமிடம் பாட்டு கேட்டேன். "வந்துடுச்சா சார்?" வரவில்லை. "கேபிளைக் கழற்றி மாட்டுங்க." மாட்டினேன். "வேற பிரவுசர்ல பாருங்க." பார்த்தேன். "பிரவுசர்ல ஹிஸ்டரி, கேச் எல்லாம் கிளியர் பண்ணுங்க சார்."

இங்கேதான் எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. ஊருக்குப் பஸ்ஸே வரவில்லை என்று சொல்பவனிடம் பஸ்ஸின் ஜன்னலைத் துடைத்துப் பாருங்கள் என்றால் எப்படி? முகவரியே இல்லாத கணினியில் பிரவுசரைத் துடைத்து என்ன ஆகும்? அதையும் துடைத்தேன். சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டு எல்லாம் போனதுதான் மிச்சம். கடைசியாகச் சொன்னார் பாருங்கள்: "ஸ்பீட் டெஸ்ட் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க சார்." நெட் இல்லாத கணினியில். ஸ்பீட் டெஸ்ட். நான் ஒவ்வொரு எண்ணாக, ஒன்று, ஆறு, ஒன்பது, புள்ளி, இரண்டு, ஐந்து, நான்கு என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் வாசித்துக் காட்டினேன். "அது உங்க கம்ப்யூட்டர் பிரச்சினை சார், எங்க சைடுல எல்லாம் கரெக்ட்டா இருக்கு" என்று முடித்துவிட்டார்.

அந்தப் பெண்ணைத் திட்ட எனக்கு மனசில்லை. அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதை வாசிக்கிறார். அந்தப் பட்டியலை எழுதினவன் யாரோ, அவன் மேல்தான் எனக்குக் கோபம். வீட்டுப் பெட்டி முகவரி கொடுக்கிற முறை நேற்று முளைத்ததா? டிஹெச்சிபி என்கிற அந்த முறை 1993-லேயே வந்தாயிற்று. 169.254 வரிசையை இதற்கென்றே ஒதுக்கி 2005-இல் எழுதியே வைத்துவிட்டார்கள், விண்டோஸ் 98 அதற்கும் முன்பே இதைச் செய்தது. நாலே பேச்சுதான். கணினி "எனக்கு முகவரி தர யாராவது இருக்கிறீர்களா" என்று கூப்பிடும். பெட்டி "இதோ, இதை வைத்துக்கொள்கிறாயா" என்று ஒன்றை நீட்டும். கணினி "அதையே கொடு" என்று கேட்கும். பெட்டி "எடுத்துக்கொள்" என்று முடிக்கும். என் வீட்டில் முதல் கூப்பிடலோடு நின்றுபோனது. பெட்டி பதில் சொல்லவில்லை. அப்படியென்றால் பெட்டியைத்தானே முதலில் திறந்து பார்க்க வேண்டும்?

மூன்றாம் நாள் இன்னொரு கூத்து நடந்தது. பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினதும் கணினிக்கு முகவரி வந்துவிட்டது. நல்ல முகவரி, 192.168 வரிசையில். போனில் அவர்களுக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா சார், ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும்னு சொன்னோம்ல." நானும் நம்பினேன். இரவு எட்டு மணிக்கு என் மனைவி "என்னங்க, டிவில நெட் வரமாட்டேங்குது" என்றாள். ரிமோட்டை ஆளுக்கு ஆள் தட்டிவிட்டு விட்டுவிட்டோம். மறுநாள் மின்சாரம் போய் வந்தது. டிவியில் நெட் வந்தது, கணினிக்குப் போனது. இதைக் கவனித்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம்.

ஐந்தாம் நாள் வேறொரு பையன் நேரில் வந்தான். வந்ததும் கணினியைப் பார்க்கவில்லை. தன் போனை எடுத்தான், எங்கள் வைஃபையில் போட்டான், ஒரு வீடியோவை ஓட்டினான். "அண்ணே, நெட் சூப்பரா வருதே" என்றான். "தம்பி, போனை விடு, கம்ப்யூட்டரைப் பாரு" என்றேன். உட்கார்ந்தான், எண்ணைப் பார்த்தான், "விண்டோஸ் அடிச்சுப் போயிருக்கும் அண்ணே, கடைல குடுத்து மாத்திருங்க" என்று எழுந்தான். ஆறு நிமிடம். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நான் அவன் பேச்சைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சிபியுவைத் துணியில் சுற்றி ஸ்கூட்டரில் கால் நடுவில் வைத்துக்கொண்டு மார்த்தாண்டம் போனேன். முன்னால் ஒரு கல் லாரி, பின்னால் ஒரு கல் லாரி, நடுவில் நான், கண் முழுக்கத் தூசி. கடையில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு 600 ரூபாய் வாங்கினார்கள். அங்கே அவர்கள் வயரில் மாட்டினார்கள், உடனே நெட் வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 169.254.

இதற்கு நடுவில் என் பிழைப்பு என்ன ஆனது? குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் சின்னக் கடைகளுக்கு நான் ஜிஎஸ்டி கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். மாதாமாதம் 20-ஆம் தேதிக்குள் 3பி என்கிற கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம், வியாபாரமே இல்லை என்றாலும் 20 ரூபாய். அந்த மனுஷர்கள் என்னை நம்பிப் பில்லைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். போனை வயரில் கணினியோடு மாட்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரே ஒரு கோடு காட்டும் டவரை வைத்து, இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஒருவருக்கும் அபராதம் வரவிடவில்லை. மாதக் காசு கட்டி வாங்கின ஃபைபர் பக்கத்திலேயே பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது.

கடைசியில் கண்டுபிடித்தவன் என் அக்கா மகன். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான். "மாமா, வேல முடிஞ்சு ராத்திரி விளிக்கேன்" என்றான், விளித்தான். முதலில் கணினியில் முகவரியைக் கையால் எழுதச் சொன்னான். 192.168.1.50, கேட்வே, அதாவது பெட்டியின் முகவரி, 192.168.1.1. எழுதி ஓகே கொடுத்ததும் நெட் பாய்ந்து வந்தது. கேபிள் சரி, கார்டு சரி, விண்டோஸ் சரி, லைனும் சரி. "அப்ப பெட்டிதான் மாமா கொடுக்க மாட்டேங்குது. வீட்டுல இருக்க ஒவ்வொரு போனா எடுத்து அதோட ஐபிய வாசிங்க." காலண்டர் தாளின் பின்பக்கம் கடைசி எண்ணை மட்டும் எழுதினேன். என் போன் 2. மனைவி போன் 3. மகள் போன் 4. டிவி 5. அதோடு நின்றது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. "மாமா, நாலு பேருக்குத்தான் எல போட்டிருக்கான்" என்றான்.

அந்த 192.168.1 வரிசையில் 254 முகவரிகள் இருக்கின்றன. பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டாலும் 253 மிச்சம். பெட்டியை மாட்டினவன் நாலே நாலை மட்டும் திறந்துவிட்டுப் போயிருக்கிறான். வாங்கின முகவரி ஒரு நாள் முழுக்க அந்த ஆளிடமே இருக்கும். ஐந்தாவதாக யார் வந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். காலையில் கடைசியாக எழுந்திருப்பது என் கணினி, அதனால் தினமும் வாசலில் நின்றது. அன்று ரீஸ்டார்ட் பண்ணினபோது கணினி முந்திக்கொண்டது, டிவி வெளியே போனது. இப்போது அந்த இரண்டாவது பையனை நினைத்துப் பாருங்கள். அன்று மகள் கல்லூரி விடுதியில் இருந்தாள், அவள் இடம் ஒன்று காலியாக இருந்திருக்கிறது. கணினியைச் சரிபண்ண வந்தவன் தன் போனைப் போட்டு அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டு, நெட் சூப்பர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இதை யோசித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, கண்டுபிடித்தாயிற்று, சொன்னால் மாற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். பெட்டியின் பாஸ்வேர்டை எனக்குத் தர மாட்டார்களாம், விதி அப்படியாம். இருக்கட்டும், நீங்களே மாற்றுங்கள், கடைசி எண் 5 என்று இருப்பதை 200 என்று ஆக்குங்கள், வேறொன்றும் வேண்டாம் என்று சொன்னேன். நாலு நாளில் நாலு பேரிடம் சொன்னேன். ஒருவர், "கையால ஐபி போடக்கூடாது சார், ஆட்டோமேட்டிக்ல வச்சிடுங்க" என்றார். ஆட்டோமேட்டிக்கில் வைத்தால் வராது என்பதுதானே புகாரே! இன்னொருவர், "நோட் பண்ணிக்கிட்டேன்" என்றார். அந்த நோட்டுத்தான் இன்று காலை தீர்ந்துவிட்டது என்று என் போனுக்கு வந்திருக்கிறது.

என் கணினிக்கு நெட் வந்துவிட்டது, நான் எப்படியோ சமாளித்துவிட்டேன். எதிர்வீட்டு அக்காவுக்கும் அதே வாரம் அதே பெட்டிதான் மாட்டினார்கள். மகன் வெளிநாட்டில் இருந்து லீவில் வந்திருந்தான், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆள், வீடு நிறைய போன். அக்காவின் போனில் மட்டும் வைஃபை சுற்றிச் சுற்றி நின்றதாம். போன் பழசாகிவிட்டது என்று யாரோ சொல்ல, சங்கக் காசை எடுத்துப் புதுப் போன் வாங்கிவிட்டார். புதுப் போனிலும் வரவில்லை. "எனக்குத்தான் உபயோகிக்கத் தெரியல மக்களே" என்று என்னிடம் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை அக்கா. ஒருத்தன் ஒரு எண்ணை ஒழுங்காக அடிக்காமல் போனான், அவ்வளவுதான். அந்தப் போன் காசை யார் கொடுப்பார்கள்? என் 600 ரூபாயை யார் கொடுப்பார்கள்?

மறுபடியும் புகார் கொடுக்கப் போன் போட்டேன். புதுப் புகார் எண் தருகிறார்கள், பழையது முடிந்துவிட்டதால் முதலில் இருந்து தொடங்க வேண்டுமாம். மோடத்தில் என்ன லைட் எரிகிறது என்று கேட்டார்கள். போனை வைத்துவிட்டேன்.

வைத்த கையோடு வாசலில் லாரி. மலையை உடைத்துக் கல்லையும் எம்-சாண்டையும் ஏற்றிக் கேரளத்துக்குக் கொண்டுபோகும் லாரிகள், காலை ஏழரைக்கு, பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில், இந்தச் சின்ன ரோட்டில், தார்ப்பாய் போடாமல். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணிக்கொண்டே நின்றேன், ஐந்தாவது போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. ரோடு நடுவில் மடிந்து கிடக்கிறது, ஓரத்தில் சைக்கிள்கூட ஓட்ட முடியாது. மனைவி விடியற்காலையில் துவைத்துக் கொடியில் போட்ட துணி முழுக்க வெள்ளைத் தூசி. எல்லாவற்றையும் எடுத்து மறுபடியும் தண்ணீரில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.