தொழு உரம் போட்ட பாத்தியில் யூரியா போடக்கூடாதா?

"குப்பை போட்ட நிலத்தில் யூரியா போட்டால் இரண்டும் முட்டிக்கொண்டு, மண் மலடாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் கத்தரிக்குச் சொல்வதையே பாருங்கள்: ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம், அடியுரமாகத் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து 50:50:30 கிலோ, நட்ட 30-ஆம் நாள் மேலுரமாக இன்னொரு 50 கிலோ தழைச்சத்து. இரண்டும் ஒரே வயலுக்குத்தான்.

காரணம் எளிது. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். தொழு உரத்தில் சுமார் அரை சதவீதம், அதுவும் மெதுவாகத்தான் கிடைக்கும். காய் பிடிக்கிற நேரத்துப் பசிக்கு அது மட்டும் பெரும்பாலும் போதாது. ஆனால் ஈரத்தையும் போட்ட சத்தையும் பிடித்துவைப்பது மட்கிய தொழு உரம்தான். யூரியாவுக்கு அந்த வேலை தெரியாது.

இந்த வதந்தி எங்கிருந்து வந்திருக்கும்? அசோஸ்பைரில்லம் போன்ற உயிர் உரங்களை (உயிருள்ள நுண்ணுயிர்கள் கொண்டவை) ரசாயன உரத்தோடு கலந்து போடாதீர்கள் என்பது சரியான அறிவுரை. அது கைமாறிக் கைமாறித் தொழு உரத்தின் தலையில் விழுந்திருக்கலாம்.

கவனிக்க வேண்டியது வேறு. சாணி நன்றாக மட்கியிருக்க வேண்டும். கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரணும், நாற்றம் கூடாது. மட்காத வைக்கோல் குப்பையைப் போட்டால் அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்களே தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும். அப்புறம், யூரியாவை அடுப்புச் சாம்பலோடு கலக்காதீர்கள். சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும்.