சுளவும் சிரட்டையும் இருக்கிற வீட்டுக்கு உங்கள் பெட்டி எதற்கு?

நான் போட்ட பேரன் படத்தைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். சனிக்கிழமை ராத்திரி அந்தக் குழந்தை வளர்ப்பு ஆலோசகர் அம்மா மறுபடியும் எழுதிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை. என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், உங்களில் பாதிப் பேர்தான் எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினீர்கள். பேரன் சுளவில் (முறம்தான்) கிடக்கிற அரிசியைத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளிச் சருவப் பானையில் போட்டுக்கொண்டிருக்கிறான். படம் அவ்வளவுதான். அந்த அம்மா அதைப் பகிர்ந்து, "பிள்ளையைத் தரையில் உட்கார வைத்துவிட்டு சீரியல் பார்க்கும் தலைமுறை" என்று எழுதியிருக்கிறார். நான் சீரியல் பார்ப்பது உண்மைதான். ஆனால் அது ராத்திரி எட்டு மணிக்கு. படம் எடுத்தது காலையில்.

அவர் எழுதியதுகூடப் பரவாயில்லை. அவருடைய பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். மாதம் ஒரு விளையாட்டுப் பெட்டி விற்கிறார். உள்ளே என்ன தெரியுமா? ஒரு தட்டு, சாயம் போட்ட அரிசி, மரக் கரண்டி, இரண்டு கிண்ணம். சுளவுக்குப் பதில் தட்டு, சிரட்டைக்குப் பதில் கரண்டி! கூரியரில் வந்தால் மூளை வளர்ச்சி, அடுக்களையிலிருந்து வந்தால் பொறுப்பில்லாத ஆச்சி. நல்ல நியாயம்.

நான் சொல்ல வருவது சின்ன விஷயம். சின்னப் பிள்ளைக்கென்று தனியாக எதுவும் வாங்கிக் குவிக்க வேண்டாம். நாம் புழங்குகிற சாமான் போதும், பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும்.

வீட்டில் கவனித்திருப்பீர்கள். நூறு ரூபாய்க்கு வாங்கின கார் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். பிள்ளை உங்கள் கையிலிருக்கிற கரண்டிக்குத்தான் அழும். ஏனென்றால் அதை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள். பெரியவர்கள் செய்கிற வேலையைத் தானும் செய்ய வேண்டும், அதுதான் அதற்கு விளையாட்டு. அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து செய்கிற செப்பு விளையாட்டுச் சாமான் நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதில் என்ன இருக்கும்? அடுப்பு, குடம், உரல், ஆட்டுக்கல், சட்டி. மொத்தமும் அடுக்களைதான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எது வேண்டும் என்று அந்தக் கடசல்காரர்களுக்கு எந்தக் கருத்தரங்கும் போகாமலே தெரிந்திருக்கிறது. செப்பு வாங்கிக் கொடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டாலும் பெரிய சட்டி வீட்டில் இருக்கிறதே என்றுதான் சொல்கிறேன்.

இட்லித் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குழிக்கு ஒரு உள்ளி வை என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று என்கிற கணக்கு அங்கே தொடங்கிவிடுகிறது. வாளி விளிம்பைச் சுற்றித் துணி கிளிப் மாட்டச் சொன்னால் எழுதுவதற்கு வேண்டிய விரல் பலம் அதிலேயே வருகிறது. முட்டை அட்டை, பாட்டில் மூடி, கழுவின பால் கவர், தினசரி காலண்டர் தாள், இதையெல்லாம் எறியாமல் வைத்தால் ஒரு கோடை விடுமுறையை ஓட்டிவிடலாம். எங்கள் வீட்டுப் பரணில் என் மாமியார் காலத்தில் அரிசி அளந்த உழக்கும் நாழியும் கிடந்தன. பேத்தியிடம் எடுத்துக் கொடுத்தேன். மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டே இருந்தவள், "ஆச்சி, இது நாலு தடவ போட்டா அது ரொம்பிருது" என்றாள். நாலு உழக்கு ஒரு நாழி. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, பெட்டியும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் இதை முகநூலில் படித்துவிட்டுப் பேசவில்லை. அங்கன்வாடியில் பிள்ளைகளோடு இருந்து ஓய்வு பெற்றவள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதில் என்னைப் போல எத்தனையோ பெண்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். தீப்பெட்டியைக் கோத்து ரயில் விட்டிருக்கிறோம், பனையோலையில் காத்தாடி செய்திருக்கிறோம். எங்களை யாரும் ஆலோசகர் என்று கூப்பிட்டதில்லை. பால்வாடி டீச்சர் என்பார்கள், அதுவும் மரியாதையாகச் சொல்பவர்கள்.

2023 டிசம்பர் 17, 18-இல் வந்த வெள்ளம் நம் திருநெல்வேலியில் யாருக்கும் மறக்காது. தாமிரபரணி வண்ணாரப்பேட்டைக்குள் வந்தபோது கீழ்வீட்டுக்காரர்களும் எதிர்வீட்டுக்காரர்களும் பிள்ளைகளோடு எங்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள். கரண்ட் இல்லை, டவர் இல்லை. பெரியவர்கள் வாயைத் திறந்து பேசவே பயந்தோம். முதலில் பிள்ளைகள் போன் கேட்டு அழுதார்கள். அது அணைந்து போனதும் இனி அழுது பிரயோசனமில்லை என்று அவர்களுக்கே புரிந்துவிட்டது. பத்தமடைப் பாயைக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் தொங்கவிட்டுக் கொடுத்தேன். அது வீடாயிற்று, கொஞ்ச நேரத்தில் பஸ்ஸாயிற்று. எதிர்வீட்டுப் பையன் கண்டக்டர். காலண்டர் தாளைக் கிழித்து டிக்கெட். "பேட்டை, பத்தமடை, சேர்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடை, அம்பை, பாவநாசம்! ஏட்டி, படியில நிக்காத, உள்ள போ!" என்று அவன் போட்ட சத்தத்தில், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை நினைத்து அழுதுகொண்டிருந்த அவன் அம்மாவே சிரித்துவிட்டாள். புளியமுத்தை எண்ணினோம், உளுந்தும் பயறும் கலந்துவைத்துப் பிரித்தோம். அந்த மழையில் எந்தக் கூரியர் எங்கள் தெருவுக்குப் பெட்டி கொண்டுவந்திருக்கும் என்று அந்த அம்மாவிடம் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

"பிள்ளை முழுங்கிவிட்டால் என்ன செய்வீர்கள்?" இதுதான் அதிகம் வந்த கேள்வி. நியாயமான கேள்வி, அதனால் விரிவாகவே சொல்கிறேன். 3 வயதுக்குள் இருக்கிற பிள்ளை எதையும் வாயில் வைக்கும், மூக்கிலும் திணிக்கும். அதற்குப் புளியமுத்து, கடலை, பட்டாணி, கோலிக்குண்டு, சின்ன மூடி எதையும் கொடுக்கக் கூடாது. தொண்டைக்குள் போகாத பெரிய சாமான்தான்: கிண்ணம், கரண்டி, சிரட்டை, ஓலைக் கொட்டான். சிரட்டையின் விளிம்பைத் தரையில் தேய்த்து மழுங்க வைத்த பிறகுதான் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பையும் பலூனும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் விளையாட்டு என்றால் நாம் பக்கத்தை விட்டு நகரக் கூடாது, ஒரு சாண் தண்ணீர்கூட ஆபத்து, முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிட வேண்டும். சுளவில் கிடந்த அரிசிக்கும் இதே சட்டம்தான், நான் ஒரு கை தூரத்தில் இருந்தேன். யார் எடுத்த படம் என்று நினைத்தீர்கள்? கூரையில் இருந்த பல்லியா எடுத்தது? அப்புறம் ஒன்று கேட்கிறேன். கடையில் வாங்குகிற பாட்டுப் பொம்மைக்குள் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறதே, அதை முழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடும். அதைப் பற்றி எத்தனை பேர் கவலைப்பட்டுப் பதிவு போட்டீர்கள்?

அழுக்கு என்கிறீர்கள். கழுவினால் போய்விடும்.

"அந்தக் காலத்தில் வசதி இல்லை, அதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள்" என்று ஒரு தம்பி. இல்லாமைக்கு நான் பெருமைப்படவில்லை, தம்பி. கீழடியில் தோண்டினபோதும் வட்டச் சில்லும் பகடைக்காயும் கிடைத்தன. உடைந்த பானை ஓட்டை உரசிச் சில்லாக்குவது வசதி இல்லாததால் மட்டும் வந்த பழக்கம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. சரி, அது பெரிய பேச்சு, விடுங்கள்.

போன் கொடுத்தால் பிள்ளை சத்தமில்லாமல் இருக்கும், எனக்கும் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது இது: 1 வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைத்தால் நல்லது. மிச்ச நேரத்தை யார் பார்த்துக்கொள்வது என்று அவர்கள் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், ஆச்சி பார்த்துக்கொள்வாள். சம்பளம் இல்லை, லீவு இல்லை, முட்டி வலி மட்டும் உண்டு. இதெல்லாம் செய்கிறவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று முன்பின் தெரியாத ஒருவர் எழுதுவார், அதற்கு என் சொந்தக்காரர்களே லைக் போடுவார்கள். யார் யார் என்று பார்த்துவைத்திருக்கிறேன்.

மகன்கூடப் போனில், "எம்மா, அத எடுத்திரும்மா, ஆபீஸ்ல எல்லாரும் பாக்காங்க" என்றான். நீ எதில் விளையாடி வளர்ந்தாய் என்று கேட்டேன். பதில் இல்லை. நீயும் இதே சருவத்தில்தான் தாளம் போட்டாய், கல்லிடைக்குறிச்சி வீட்டில், மத்தியானம் யாரையும் தூங்க விடாமல். இன்றைக்கு நீ இன்ஜினியர், மூளைக்கு ஒன்றும் குறைவு வந்ததாகத் தெரியவில்லை. நாக்கு மட்டும் கொஞ்சம் குறைந்துவிட்டது.

கடைசியாக, "இந்தப் பிள்ளையின் அம்மா எங்கே போனாள்?" என்று கேட்டவர்களுக்கு. வேலைக்குப் போயிருக்கிறாள். காலையில் மூன்று டப்பா கட்டி வைத்துவிட்டு ஜங்ஷனுக்குப் பஸ் பிடித்துப் போகிறாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பிள்ளையைத் தூக்குகிறாள். அப்பா எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, அதையும் கவனித்தேன். இவ்வளவு நடந்தும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அத்தை, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டாள்.

என்னை என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், படித்துவிட்டுப் பதில் போடுவேன், எனக்கு மத்தியானம் நேரம் இருக்கிறது. என் மருமகளை இழுத்து ஒரு வரி எழுதினால், சொந்தமானாலும் சரி, பிளாக்தான்.